காயில் ஸ்டாம்பில் கோணல்: எதை நம்பலாம், எதற்குக் காசு கொடுக்கலாம்?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் ஸ்டாம்ப் சேர்க்கிறவர்களுக்குக் கை பழகியது கொச்சி அஞ்சல் தலைகளில்தான். எங்கள் சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. பக்கத்திலேயே இருக்கும் பாலக்காடு மலபார் மாவட்டம், பிரிட்டிஷ் தபால். 1892-ல் புத்தன் கணக்கில் விலை போட்டு வந்த முதல் கொச்சி தலைகளிலிருந்தே நாலு பக்கமும் பல் (கிழிப்பதற்காகப் போடும் ஓட்டை வரிசை) பார்த்துப் பழகிய கண் இது. அந்தக் கண்ணோடு அமெரிக்க காயில் ஸ்டாம்பை, அதாவது தாளாக இல்லாமல் சுருளாக விற்ற தலையை எடுத்தால் குழப்பம்தான். இரண்டு பக்கம் பல், இரண்டு பக்கம் வழுவழு. பாலக்காட்டின் கல்பாத்தி, நூரணி வீடுகளில் பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து எழுதிய உறைகள் பெட்டி பெட்டியாக வெளியே வரும்போது இந்த வகை நிறையக் கிடைக்கிறது. வாஷிங்டன், ஃபிராங்க்ளின் படம் போட்ட பழைய காயில்கள் வேண்டுமென்றால் கோயம்புத்தூர் போக வேண்டும். அங்கே கோணலாக இருப்பதெல்லாம் "எர்ரர் பீஸ் சார்" என்ற பெயரில்தான் விற்பனைக்கு வரும்.

சோதித்துப் பார்க்க நம் கையில் இருப்பவை மூன்று: பர்ஃபரேஷன் கேஜ், மாதிரித் துண்டு, ஸ்கேனர்.

கேஜை முதலில் முடித்துவிடுவோம், அதற்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். இரண்டு சென்டிமீட்டருக்குள் எத்தனை ஓட்டை என்பதுதான் பல் எண். 1908-ல் வந்த காயில்களுக்குப் பல் 12. ஓட்டைகள் நெருக்கமாக இருந்ததால் சுருள் சட்டென்று கிழிந்தது. 1910-ல் 8½ ஆக்கினார்கள். இப்போது பிரிப்பதே பாடாகிவிட்டது. 1914-ல் 10-க்கு வந்து நின்றார்கள். ஆக, கேஜ் காலத்தைச் சொல்லும். ஆனால் 1914-க்குப் பிறகு தட்டை அச்சுக் காயிலுக்கும் பல் 10, ரோட்டரி அச்சுக் காயிலுக்கும் பல் 10. விலை வித்தியாசம் இருப்பதே அந்த இடத்தில்தான், அங்கே கேஜ் வாயைத் திறக்காது.

அந்த வேலைக்கு என் ஓட்டு மாதிரித் துண்டுக்கு. ரோட்டரி இயந்திரத்தில் தகட்டை வளைத்து உருளையில் மாட்டுகிறார்கள். வளைக்கும்போது படம் அந்தத் திசையில் இழுபட்டு நீள்கிறது. தட்டை அச்சில் படம் சுமார் 18½ முதல் 19 மி.மீ. அகலம், 22 மி.மீ. உயரம். ரோட்டரியில், பக்கவாட்டில் ஓடும் சுருள் என்றால் அகலம் 19½ முதல் 20 வரை போகும். மேலிருந்து கீழாக ஓடும் சுருள் என்றால் உயரம் 22½-ஐத் தொடும். அரை மில்லிமீட்டர் சமாச்சாரம். பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து இதைப் பிடிக்க முடியாது. அதோடு, அந்தக் காலத்தில் காகிதத்தை ஈரப்படுத்தித்தான் அச்சடித்தார்கள். காய்ந்ததும் தாளுக்குத் தாள் சுருக்கம் மாறியதால் தட்டை அச்சிலேயே அளவு ஒன்றுபோல் இருக்காது.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு பச்சை ஒரு சென்ட் வாஷிங்டன், தாளில் வந்த சாதாரண தட்டை அச்சுத் தலை, ஓரம் கிழிந்து ஆல்பத்துக்கு ஆகாதது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் நடுவே குறுக்காக வெட்டி, முழு அகலமும் உள்ள மேல் பாதியை வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகத் தலையின் மேல் அதை வைத்து, இடது சட்டக் கோட்டின் மேல் இடது கோட்டைச் சரியாகப் பொருத்துங்கள். வலது பக்கம் அடியில் இருக்கும் தலையின் கோடு வெளியே எட்டிப் பார்த்தால் அது ரோட்டரி. உயரம் பார்க்க இன்னொன்றை நெடுக்காக வெட்ட வேண்டும். இரண்டு குப்பைத் தலை, ஒரு பிளேடு, செலவு அவ்வளவே.

ஸ்கேனர் இதற்குப் போட்டியா? ஓரளவு. 1200 டிபிஐ-யில் அரை மில்லிமீட்டர் சுமார் 24 பிக்சல் வரும், எண்ணிப் பார்க்கலாம். இரண்டு தலைக்கு நடுவே வரும் கோடு (அதைக் கீழே சொல்கிறேன்) மேடு பள்ளமாக இருக்கிறதா என்று பார்க்கவும், தூரத்தில் இருக்கும் நண்பருக்கு அனுப்பவும் அதுதான் வசதி. மொபைலில் எடுத்த படத்தை வைத்து மட்டும் அளவு பேசாதீர்கள். கேமரா கொஞ்சம் சாய்ந்தாலே கட்டமும் சாயும்.

இனி ஜோடிகள். காயிலில் ஒற்றைத் தலை சொல்வது கால்வாசி. மீதியைச் சொல்ல, பிரிக்காத இரண்டு தலை கொண்ட ஜோடி வேண்டும். சந்தையில் மூன்று வகை ஓடுகிறது.

வழிகாட்டிக் கோட்டு ஜோடி தட்டை அச்சில் வருவது. இரண்டு தலைக்கு நடுவே, தகட்டிலேயே செதுக்கிய கோடு, அதனால் மெல்லியதாக, சீராக இருக்கும். ஒட்டு ஜோடியும் தட்டை அச்சின் பிள்ளைதான். 400 தலை கொண்ட தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சுருளாக்கினார்கள், ஆகவே 20 தலைக்கு ஒரு ஒட்டு வரும். பின்பக்கம் விரலால் தடவினால் தடிப்பு தெரியும். நம் ஊரில் இதை வாங்குவதில் ஒரு சங்கடம்: இடவப்பாதி மழை பிடித்தால் பசை இளகும், ஒட்டு விட்டுப்போனால் கையில் மிஞ்சுவது இரண்டு ஒற்றைத் தலை.

இணைப்புக் கோட்டு ஜோடி ரோட்டரியுடையது. உருளையில் இரண்டு வளைந்த தகடுகள் சந்திக்கும் இடுக்கில் மை தங்கி, அது காகிதத்தில் கோடாக இறங்குகிறது. பக்கவாட்டுச் சுருளில் தகட்டுக்கு 170 தலை, அதனால் 17 தலைக்கு ஒரு கோடு. செதுக்கிய கோடு இல்லை என்பதால் தடிமன் ஏறி இறங்கும், சில இடத்தில் மங்கும். தலையின் நிறம் எதுவோ கோட்டின் நிறமும் அதுவே.

கோணல் என்ற பேச்சு அதிகம் எழுவது இங்கேதான். இரண்டு தகடுகளையும் தனித்தனியாகத்தான் மாட்டுகிறார்கள். ஒன்று மயிரிழை மேலே உட்கார்ந்துவிட்டால் கோட்டின் இந்தப் பக்கத் தலை ஒரு மட்டத்திலும் அந்தப் பக்கத் தலை இன்னொரு மட்டத்திலும் நிற்கும். பார்க்க அழகுதான், ரோட்டரி என்பதற்கு நல்ல சாட்சியும்கூட. ஆனால் அந்த இயந்திரத்தின் சுபாவமே அது. லேசாக ஏறி இறங்கியதற்கு எர்ரர் விலை கொடுப்பது வீண். படம் வெட்டு ஓரத்தைத் தொடும் அளவுக்கு இறங்கியிருந்தால் பேசலாம்.

கோடே போலியாக இருந்தால்? லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) பல் ஓட்டைகளின் விளிம்பைப் பாருங்கள். அசலில் அச்சு முதலில், ஓட்டை பிறகு. ஓட்டை கோட்டைச் சுத்தமாக வெட்டியிருக்கும். பிற்பாடு பேனாவால் இழுத்திருந்தால் ஓட்டையின் உள் விளிம்பிலும், பிசிறடித்த நாரிலும் மை ஏறியிருக்கும்.

பல் விலகிய ஒற்றைத் தலைக்கு என்னிடம் மதிப்பு குறைவு. பல் படத்துக்குள் வெட்டியிருந்தால் சரி, வைத்துக்கொள்ளலாம். ஓரம் மட்டும் குறுகியிருந்தால் முதலில் கத்தரியைச் சந்தேகியுங்கள். தாளில் வந்த பல் 10 தலையின் இரண்டு பக்கத்தை நறுக்கி காயில் என்று விற்பது பழைய வேலை. வழுவழு ஓரங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக ஓட வேண்டும். அசல் மலிவு காயில் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் உயரம் குறையக் கூடாது. பல் இல்லாத தாளை வாங்கி ஓட்டை போடும் வேலையும் உண்டு. ஆனால் ஓட்டை வேறு மாதிரி இருப்பதாலேயே போலி என்று தள்ளிவிடாதீர்கள். அன்றைய தானியங்கி விற்பனைக் கம்பெனிகள் பல் இல்லாத தாள்களை வாங்கித் தாங்களே ஓட்டை போட்டன. ஷெர்மாக் கம்பெனியின் நீளநீளமான ஓட்டை அசல், அதற்குத் தனி மதிப்பே உண்டு.

பல்லே விழாத ஜோடிதான் எல்லாவற்றிலும் பெரிய மீன். அதில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் நடுவில் ஊசி பதிந்த குழி தெரிகிறதா? தெரிந்தால் அது முழுப் பிழை இல்லை, ஊசி இறங்காத குருட்டுப் பல். விலை அதல பாதாளம்.

1981-க்குப் பிந்தைய காயில்களில் சில தலைகளின் அடியில் தகட்டு எண் இருக்கும். காட்ரெல் இயந்திரத்தில் 24 தலைக்கு ஒரு எண்ணும் கூடவே கோடும் வரும். பி-பிரஸ் என்ற இன்னொரு இயந்திரத்தில் மூட்டில்லாத உருளை, 52 தலைக்கு ஓர் எண், கோடு கிடையாது. அகலம் அளக்கும் தொல்லை இல்லாததால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். நூரணி உறைகளில் இது சல்லிசாகக் கிடைக்கும். தலையை நீரில் ஊறவைத்து எடுக்காமல், எண் உள்ள தலையை உறையோடு சேர்த்தே வெட்டி வையுங்கள்.

பழையதுதான் வேண்டும், பையில் பணம் கொஞ்சம்தான் என்றால், மலிவான இணைப்புக் கோட்டு ஜோடி ஒன்று. ஒட்டு ஜோடியை மழை விட்டபிறகு பார்த்துக்கொள்ளலாம். பல்லில்லா ஜோடிக்கு விலை பேசுவதற்கு முன் நிபுணர் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் குருட்டுப் பல் ஜோடியின் விலையிலிருந்து பேரத்தைத் தொடங்குங்கள்.