நாளைக்கு வரச் சொல்லும் சர்வர்

திருமங்கலத்து நண்பர் நேற்று போனில் கேட்டார்: லினக்ஸில் சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் வைக்கப் புதியவர் எதை நிறுவலாம்? கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலைதான் நான் நடத்தும் அப்படியொரு சர்வரால் மாமாவிடம் திட்டு வாங்கியிருந்தேன்.

சிம்மக்கல்லில் மாமாவுக்கு மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை. கடையின் பெயரில் ஆறு மின்னஞ்சல் முகவரிகள். அவற்றுக்காக வாடகை சர்வர் ஒன்றில் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மெயில்-இன்-ஏ-பாக்ஸ் ஓடுகிறது; மின்னஞ்சல் சர்வருக்கு வேண்டிய எல்லாவற்றையும் மொத்தமாக நிறுவித் தரும் இலவசத் தொகுப்பு இது. இதே வேலையைச் செய்யும் மெயில்கவ் குறைந்தது 6 ஜி.பி. ரேம் கேட்கும், அவ்வளவு பெரிய சர்வரின் வாடகைக்கு மாமாவிடம் கணக்குச் சொல்ல என்னால் முடியாது. மெயில்-இன்-ஏ-பாக்ஸுக்கு 1 ஜி.பி. போதும். வேறெதுவும் நிறுவாத உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் பதிப்பில் ஒரே கட்டளை. கடிதங்களை அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸும், வந்ததைப் பெட்டியில் வைத்துக் காட்டும் டவ்காட்டும் தாமாகவே அமர்ந்துகொண்டன. கடிதம் நம்மிடமிருந்துதான் வந்தது என்று மற்ற சர்வர்களுக்குக் காட்டும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். பதிவுகளில் எது விடுபட்டாலும் நிர்வாகப் பக்கம் சிவப்பில் காட்டி, என்ன எழுத வேண்டும் என்றும் சொல்லிவிடும். அந்தப் பக்கத்தில்தான் நான் பாதித் தொழிலைக் கற்றேன். சர்வர் வாடகைக்காரர்கள் கடிதம் வெளியே போக வேண்டிய வாசலான 25-ஆம் எண் போர்ட்டைத் திறந்துவிடப் பத்து நாள் இழுத்தது தனிக்கதை.

வம்பு கிரேலிஸ்டிங்கில் இருக்கிறது. அறிமுகமில்லாத சர்வரிலிருந்து கடிதம் வந்தால், 'இப்போது முடியாது, பிறகு வா' என்று இது திருப்பி அனுப்பும். மூன்று நிமிடம் கழித்து வந்தால் ஏற்றுக்கொள்ளும். ஸ்பேம் அனுப்பும் நிரல்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை என்பதே கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் மறுமுறை எப்போது வருவது என்பதை அனுப்புகிற சர்வர் தீர்மானிக்கிறது. அரை மணி நேரம் கழித்து வருகிறவர்களும் உண்டு.

கோயம்புத்தூரிலிருந்து மாமாவுக்கு விலைப்பட்டியல் அனுப்புகிறவர் அந்த ரகம். அதுவும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் அனுப்புவார். சர்வரின் நினைவோ 35 நாள்தான். அதற்குள் மறுபடி வராதவர்களை மறந்துவிடும். ஆக, பதினைந்து ஆண்டு வியாபாரத் தொடர்பு உள்ள மனிதர் ஒவ்வொரு முறையும் இதற்குப் புது ஆள்! நேற்று அவர் போனில் காத்திருக்க, மாமா கணினித் திரையைத் தட்டிக்கொண்டிருந்தார். "இன்னும் வரவில்லையே மாப்பிள்ளை, இதுக்குத்தான் மாதாமாதம் பணம் கட்டுகிறோமா?"

இதே மாமாதான் சித்திரைத் திருவிழா சமயத்தில் நன்கொடை ரசீதோடு வருகிற எல்லோரையும் "நாளைக்கு வாருங்கள்" என்று அனுப்புவார். உண்மையாகத் தேவைப்படுகிறவன் மறுநாளும் வருவானாம். அதைத்தான் சர்வரும் செய்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன்.

கிரேலிஸ்டிங்கை அணைக்க நிர்வாகப் பக்கத்தில் பொத்தான் கிடையாது. போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்புக் கோப்பில் ஒரு சொற்றொடரை நீக்கினால் போதும், நீக்கியும் பார்த்தேன். அடுத்த புதுப்பிப்பு அதைப் பழையபடி எழுதி வைத்துவிட்டது. வீட்டில் நாற்காலியை எங்கே நகர்த்தினாலும் இருந்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போடும் பாட்டியைப் போல. இடையில் அணைந்திருந்த நாட்களில் வந்து குவிந்த குப்பையையும் நியாயத்துக்குச் சொல்ல வேண்டும்; மாமா அதற்கும் திட்டினார்.

நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாதக் கட்டணத்துக்கு வேறு யாராவது நடத்தும் சேவையை வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குங்கள் என்றேன். எங்கள் சர்வரின் வாடகைக் காலம் அடுத்த மாதம் முடிகிறது. ஓராண்டுக்குச் சேர்த்துக் கட்டப்போகிறேன்.