'படம் 3 காட்டுகிறது' என்பதா, '(படம் 3)' என்பதா?

ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரைபடத்தைச் சுட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, படத்தையே எழுவாயாக்குவது: "வெப்பநிலைக்கும் வினைவேகத்துக்கும் உள்ள தொடர்பைப் படம் 3 காட்டுகிறது." இன்னொன்று, கண்டதைச் சொல்லிவிட்டுப் படத்தை அடைப்புக்குறிக்குள் வைப்பது: "வெப்பநிலை 10 டிகிரி கூடியதும் வினைவேகம் ஏறக்குறைய இரு மடங்கானது (படம் 3)."

முதல் வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். தொடர்பு இருக்கிறது, சரி, என்ன தொடர்பு? அதை வாசகரே படத்தில் தேட வேண்டும். இரண்டாவதில் செய்தி வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது, படம் சாட்சிக்கு நிற்கிறது. முடிவுகளைச் சொல்லும் பகுதியில் என் ஓட்டு இதற்குத்தான். பத்திக்குப் பத்தி 'காட்டுகிறது, காட்டுகிறது' என்று முடியும் சலிப்பும் இதில் இல்லை.

அதற்காக முதல் வடிவத்தைத் தூக்கி எறிய வேண்டாம். கருவியின் அமைப்பை விளக்கும்போது பேசுபொருளே படம்தான். வாசகருக்குப் பழக்கமில்லாத வரைபடம் என்றாலும் அப்படியே: "படம் 5இல் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நோயாளி, கிடை அச்சில் வயது" என்று முதலில் படிக்கச் சொல்லித்தர வேண்டும். முடிவு அப்புறம் வரட்டும்.

'மேலே உள்ள படம்' என்பதா, எண்ணா? இதில் யோசிக்க ஒன்றுமில்லை, எண்தான். அச்சுக்கோக்கும்போது படம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) நடைக் கையேடும் எண்ணால் குறிக்கவே சொல்கிறது.

விவரிக்கும்போது கணக்கிட்ட எண்ணைச் சொல்வதா, வரைபடத்தின் வடிவத்தைச் சொல்வதா என்பதுதான் உண்மையில் கடினமான கேள்வி. புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973இல் நான்கு தரவுத் தொகுதிகளை வெளியிட்டார். நான்கிலும் சராசரி, மாறுபாடு (சிதறலின் அளவு), ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் எண், இங்கே சுமார் 0.82) எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று நேர்கோட்டை ஒட்டிச் சிதறியிருக்கிறது, ஒன்று வளைகிறது, மற்ற இரண்டில் ஒற்றைப் புள்ளி ஒதுங்கி நின்று கணக்கையே இழுத்துவிடுகிறது. "ஒட்டுறவு 0.82 (படம் 2)" என்று மட்டும் எழுதினால் நான்குக்கும் பொருந்தும், படம் போட்டதற்கே பயன் இல்லை. வளைவையும் விலகிய புள்ளியையும் சொல்லில் கொண்டுவாருங்கள், அவற்றுக்குத் துணையாக எண்ணைக் கொடுங்கள். அட்டவணையில் இருக்கும் எண்களை வரிசையாக ஒப்பிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

தலைப்பு மேலேயா கீழேயா என்பது சொந்த ரசனை அல்ல. ஏபிஏ கையேட்டின் ஏழாம் பதிப்பு படம், அட்டவணை இரண்டுக்கும் மேலே வைக்கிறது. மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ அட்டவணைக்கு மேலே, படத்துக்குக் கீழே. எந்த ஆய்விதழுக்கு அனுப்புகிறீர்களோ அதன் விதியைப் பாருங்கள்.