கிசான் பணத்துக்காகத் தபால்காரரிடம் திறந்த கணக்கு

துறையூர் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் நகல் எடுக்க வருகிறவர்கள் கூடவே செல்போனையும் நீட்டி, "பக்கத்து வீட்டுக்கெல்லாம் ரெண்டாயிரம் ஏறிருச்சு, எனக்கு மட்டும் காணோம், என்னன்னு பாரும்மா" என்பார்கள். எங்கள் அப்பாவுக்கும் இதே கதைதான். ஒன்றரை ஏக்கரில் சின்ன வெங்காயமும் சோளமும் போடுகிறார். விவசாயிகளுக்கு மத்திய அரசு உதவித்தொகை தரும் பிஎம் கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு 6,000 ரூபாய், நாலு மாதத்துக்கு ஒரு தவணையாக 2,000 வரவேண்டும். அது நின்றுபோனதால் அஞ்சல் துறையின் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியில் அவருக்குக் கணக்கு திறந்தோம். தேவலையா என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதிவைக்கிறேன்.

பணம் ஏன் நின்றது? பிஎம் கிசான் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் மூன்று விஷயங்களைக் காட்டும்: நிலப் பதிவு, இ-கேஒய்சி (ஆதாரை வைத்து ஆளைச் சரிபார்ப்பது), வங்கிக் கணக்கோடு ஆதார் இணைப்பு. அப்பாவுக்கு முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் 'நோ'. அவருடைய பழைய வங்கியில் போய்க் கேட்டால், "ஆதார் நம்பர் எங்க சிஸ்டத்துல இருக்கே" என்றார்கள். அது பொய்யில்லை. ஆனால் வங்கியில் ஆதார் இருந்தால் மட்டும் போதாது. எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்று, வங்கிகளுக்கு இடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ நிறுவனம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் ஏற வேண்டும். அந்தப் பட்டியலில் கணக்கு எண்ணே கிடையாது, ஆதாருக்கு நேரே வங்கியின் அடையாள எண் மட்டும்தான். 2023 பிப்ரவரியில் வந்த 13-வது தவணையிலிருந்து கிசான் பணம் ஆதார் வழியாகத்தான் வருகிறது. அதனால் விண்ணப்பத்தில் எழுதிக்கொடுத்த கணக்கு எண் சரியாகவே இருந்தாலும் பயனில்லை. பழைய வங்கியில் அதற்கான படிவத்தையும் கொடுத்தோம். 'நோ' அப்படியே நின்றது.

அப்புறம்தான் கிளை அஞ்சலகத்தில் சொல்லிவைத்தோம். தபால் அண்ணன் செல்போனும் கைரேகைக் கருவியுமாக வீட்டுக்கே வந்தார். காகிதப் படிவம் இல்லை, போட்டோ ஒட்டுவது இல்லை. ஆதார் எண், செல்போன், கைரேகை, அவ்வளவுதான். இதில் சிரமம் கைரேகைதான். வெங்காயம் ஆய்ந்தே தேய்ந்துபோன விரல்கள். வலது கட்டைவிரலைக் கருவி கண்டுகொள்ளவே இல்லை. கையைக் கழுவித் துடைத்து ஒவ்வொரு விரலாக வைத்ததில் இடது மோதிர விரல் எடுத்துக்கொண்டது. 2025 ஆகஸ்டில் இந்த வங்கி, முகத்தைக் காட்டி ஆதாரைச் சரிபார்க்கும் வசதியையும் கொண்டுவந்திருக்கிறது. ரேகை விழாத பெரியவர்கள் இருந்தால் அதைக் கேட்டுப் பாருங்கள்.

கணக்கு திறக்கும்போதே மானியப் பணம் இங்கே வரட்டுமா என்று சம்மதம் கேட்பார்கள். இங்கேதான் கவனம் வேண்டும். ஓர் ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான். கடைசியாக எதை இணைத்தோமோ அங்கேதான் எல்லாம் போகும். கிசான் பணத்தை மட்டும் இங்கே, கேஸ் மானியத்தை அங்கே என்று பிரிக்க முடியாது. அம்மாவுக்கும் கூடவே கணக்கு போடலாமா என்று தபால் அண்ணன் கேட்டபோது நான் வேண்டாம் என்றேன். அவருடைய நூறு நாள் வேலைக் கூலி வேறொரு வங்கியில் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது, அதை ஏன் கலைக்க வேண்டும்? 2017-ல் ஒரு தனியார் பேமெண்ட்ஸ் வங்கி சிம் வாடிக்கையாளர்களுக்குத் தெரியாமலே கணக்கு திறந்து, சிலிண்டர் மானியமெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்து, ஆதார் ஆணையம் நடவடிக்கை எடுத்தது நினைவிருக்கலாம். தபால் அண்ணன் கேட்டுத்தான் செய்தார். இருந்தாலும் என்ன கேட்கிறார் என்று புரிந்துகொண்டு விரலை வையுங்கள்.

இணைந்துவிட்டதா என்று ஆதார் ஆணையத்தின் 'மை ஆதார்' தளத்தில் நாமே பார்க்கலாம். ஆதாரோடு பதிந்த செல்போனுக்கு ஓடிபி வரும். உள்ளே போனால் வங்கியின் பெயரும், எந்தத் தேதியில் இணைந்தது என்பதும் தெரியும். நான் பார்த்த வரையில் கடையில் பாதிக் குழப்பம் இந்த ஒரு பக்கத்தைப் பார்த்தாலே தீர்ந்துவிடுகிறது. 2025 நவம்பர் 19 அன்று கோவையில் 21-வது தவணையை விடுவித்தார்கள். அப்பாவுக்குப் புதுக் கணக்கில் ஏறியது.

ஜீரோ பேலன்ஸ் கணக்கு என்பது எனக்குப் பெரிய விஷயம். பழைய கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பிடித்ததுபோகத்தான் அப்பா கையில் பணம் பார்த்தார். இங்கே தொட்டியம் பஸ்ஸையோ துறையூர் பஸ்ஸையோ பிடிக்காமல் தபால் அண்ணனிடமே ரேகை வைத்துப் பணம் வாங்கலாம். கணக்கு எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, க்யூஆர் அட்டை ஒன்று கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து செய்யும் சேவைக்குக் கட்டணம் உண்டு, எவ்வளவு என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இது முழு வங்கி இல்லை. கடன் தராது. நாள் முடிவில் 2 லட்சம் ரூபாய்க்கு மேல் கணக்கில் நிற்காது. பயிர்க்கடனுக்கு அப்பா கூட்டுறவுச் சங்கத்துக்குத்தான் போகிறார், அந்தக் கணக்கை மூடவில்லை. அரசுப் பணம் வந்து இறங்க மட்டும் என்றால் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். இதையே ஒரே கணக்காக வைத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன்.

ஸ்மார்ட்போன் பழக்கம் உள்ளவர்கள் புதுக் கணக்கே திறக்காமல், என்பிசிஐ இணையதளத்தில் தாங்களே ஆதாரை இணைக்கவும் வங்கி மாற்றவும் கோரலாம். அந்தத் தளம் காட்டும் வங்கிகளில் உங்கள் வங்கியும் இருக்கிறதா என்று பாருங்கள். நிலப் பதிவு வரியில் 'நோ' இருந்தால் தபால்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. பட்டா, சிட்டாவை எடுத்துக்கொண்டு வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்குத்தான் போக வேண்டும். நகல் இரண்டு செட்டாக எடுத்துப் போங்கள்.