கண்ணால் பார்க்காத சரக்கு: ஒரு டிராப் ஷிப்பிங் அனுபவம்

கும்பகோணத்தில் கும்பேஸ்வரர் கோயில் பக்கம் எங்கள் பாத்திரக் கடை. அப்பா உருளியை விரலால் சுண்டிப் பார்த்து, சத்தம் சரியாக இருந்தால்தான் கொள்முதல் செய்வார். நான் போன ஐப்பசியிலிருந்து, கண்ணாலேயே பார்க்காத சரக்கை விற்கிறேன். ஆர்டர் எங்கள் வெப்சைட்டில் விழும். உத்தரப் பிரதேசத்து மொராதாபாத் மொத்த வியாபாரி நேரே வாடிக்கையாளர் வீட்டுக்கே அனுப்பிவிடுவார். இதுதான் டிராப் ஷிப்பிங். முதல் முடங்காது, கிடங்கு வாடகை இல்லை. அந்த வியாபாரியின் பெயர் வேண்டாம், அவர் சேவையை மட்டும் சொல்கிறேன்.

வகைக்குக் குறையில்லை. சொன்ன நாளில் பார்சலும் போய்விடுகிறது. ஆனால் மன்னார்குடிக்குப் போன முதல் உருளியிலேயே மானம் போயிற்று. பெட்டிக்குள் மொத்த வியாபாரியின் பில்லையும் வைத்துவிட்டார்கள். "ஏன் தம்பி, 1,150 ரூபாய் உருளியை எங்கிட்ட 1,900க்கா விக்கிறீங்க?" என்று அந்த அம்மா போனில் கேட்டார். என்ன பதில் சொல்ல?

அடுத்தது பொங்கல். மொத்த வியாபாரியிடம் வெண்கலப் பானை தீர்ந்துவிட்டது, எங்கள் வெப்சைட்டிலோ இருப்பு காட்டிக்கொண்டே இருந்தது. பதினோரு ஆர்டர். பக்கத்துக் கடையில் சில்லறை விலைக்கு வாங்கி அனுப்பினேன். அந்தக் கடை அண்ணன் காசை வாங்கிக்கொண்டு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார்.

இதில் இறங்க நினைக்கும் கடைக்காரர்கள், முதலில் உங்கள் வீட்டு முகவரிக்கே ஒன்றை ஆர்டர் போட்டுப் பிரித்துப் பாருங்கள். நான் அதைச் செய்திருந்தால் அந்த பில் என் கையில் சிக்கியிருக்கும். மொத்த வியாபாரி நமக்குப் போடும் பில் தனி, நாம் வாடிக்கையாளருக்குப் போடும் பில் தனி. பெட்டிக்குள் நம்முடையதுதான் போக வேண்டும். இருப்புக் கணக்கு தினமும் வருமா, நெளிந்த பாத்திரம் எந்த முகவரிக்குத் திரும்பும், அந்தக் கூரியர் காசு யார் தலையில், இதையெல்லாம் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு பண்டிகை வாரத்தில் நிற்காது. 2020 மின்வணிக விதிப்படி, புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாடிக்கையாளருக்குத் தெரிந்தது நம் போன் நம்பர்தான், மொராதாபாத் இல்லை.

இந்தச் சேவைக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண் கொடுப்பேன். தட்டு, கிண்ணம் என்றால் தாராளமாக விடலாம். நாச்சியார்கோயில் குத்துவிளக்கை மட்டும் யாரிடமும் விடவில்லை. தண்டை அடிப்பாகத்தில் திருகி, மரை ஆடுகிறதா என்று பார்த்து, மறுபடி கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் பழைய வேட்டித் துணியில் நானே சுற்றி அனுப்புகிறேன்.