ப்ரோ மினி 3.3 வோல்ட் போர்டு: தூங்கும், ஆனால் எல்ஈடியைப் பிடுங்கணும்

கிருஷ்ணகிரி மாந்தோப்பில் மண் ஈரம் பார்க்கும் பேட்டரிக் கருவிக்கு இந்த ஆர்டுயினோ போர்டு (சின்ன மைக்ரோகன்ட்ரோலர் பலகை) தாராளம். ஆனால் வாங்கியபடியே பவர் டவுனில் (சிப்பின் ஆழ்ந்த தூக்க நிலை) போட்டால் பேட்டரி தாங்காது. சிப் தூங்கும், பவர் எல்ஈடி தூங்காது! அதன் ரெசிஸ்டரைச் சூடுகாட்டி எடுத்துவிடுங்கள். ஏடிசியையும் (அனலாக் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) அணைக்கணும்.

தூக்கத்திலிருந்து எழுப்பும் பட்டன் 2ஆம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே. பின்னுக்கு இன்புட் புல்லப் (உள் ரெசிஸ்டர் அதை ஹையில் இழுத்து வைக்கும்), லோ இன்டரப்ட் (பின் லோ ஆனால் சிப்பை எழுப்பும் குறுக்கீடு). அழுத்திப் பிடித்திருக்கும் வரை ஐஎஸ்ஆர் (இன்டரப்ட் வந்தால் ஓடும் ஃபங்ஷன்) திரும்பத் திரும்ப ஓடி, லூப் (முதன்மை நிரல்) நகராது. அதனால் ஐஎஸ்ஆரின் முதல் வரியிலேயே இன்டரப்டைக் கழற்றுங்கள். அடுத்த தூக்கத்துக்கு முன் அதைத் திரும்ப மாட்ட மறந்தால் பட்டன் எழுப்பாது, ரீசெட்தான் கதி.

வயர் வரப்புவரை நீண்டால் உள் புல்லப் (20 முதல் 50 கிலோஓம்) போதாது. பக்கத்தில் மோட்டார் போட்டாலே அதன் மின் இரைச்சலில் சிப் விழித்துக்கொள்ளும். வெளியே 4.7 கிலோஓம் புல்லப், பட்டனுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள்.