உயிலா, பத்திரமா? லிங்கனின் முன்னோரை முன்வைத்து ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் தொடக்ககால உழவர் குடும்பம் ஒன்றின் வேர்களைத் தேடுவோர் பெரும்பாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து தொடங்குகிறார்கள். பழைய தலைமுறைகளைப் பொறுத்தவரை அதிலிருந்து கிடைப்பது மிகக் குறைவு. 1790 முதல் 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே அதில் பதிவாயிற்று; அடிமைகளல்லாத அனைவரும் பெயர்பெற்றது 1850இல்தான், தலைவருக்கு அவர்கள் என்ன உறவு என்பது எழுதப்பட்டது 1880இல்தான். எனவே, தேர்வு உண்மையில் உயிலுக்கும், நிலப் பத்திரம், வரிப்பட்டியல் போன்ற பொது ஆவணங்களுக்கும் இடையே அமைகிறது.

இவ்விரண்டின் பலமும் பலவீனமும் ஆபிரகாம் லிங்கனின் தந்தைவழி முன்னோரிடம் தெளிவாகத் தெரிகின்றன. அவருடைய தாத்தாவின் தாத்தாவான மார்டிகாய் லிங்கன் 1736இல் பென்சில்வேனியாவில் இறந்தபோது உயில் விட்டுச் சென்றார். மூத்த மகன் ஜானுக்கு நியூ ஜெர்சியில் 300 ஏக்கர், வீட்டை ஒட்டிய நிலம் இளைய மகன்களுக்கு, மனைவியின் வயிற்றிலிருந்த குழந்தைக்கும் ஒரு வழி என்று அது பிரித்துக் கொடுக்கிறது. வேறெந்த ஆவணமும் ஒரு குடும்பத்தை இப்படி ஒரே இடத்தில் நிறுத்திக் காட்டுவதில்லை. ஆனால், மகனுக்கு முன்பே நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்ட தந்தை உயிலில் அவனைக் குறிப்பிடாமலே போகலாம் என்பதால், உயிலில் பெயர் இல்லாததை வைத்து மகனே இல்லை என்று முடிவுகட்டுவது இத்துறையில் அடிக்கடி நேரும் பிழை.

ஜானின் மகனும் அதிபரின் தாத்தாவுமான கேப்டன் ஆபிரகாம் லிங்கன், கென்டக்கியில் தம் பண்ணையில் இருந்தபோது 1786இல் பூர்வகுடியினரின் தாக்குதலில் கொல்லப்பட்டார், உயில் எழுதியிருக்கவில்லை. கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி. உயில் இல்லாதபோது நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே என்ற அங்குள்ள சட்டம் 1787 ஜனவரி முதல் நாளன்றுதான் நீங்கியது. அது நீங்கச் சில மாதங்கள் இருந்ததால் நிலமெல்லாம் மூத்தவருக்குப் போக, அதிபரின் தந்தையான தாமஸ் வெறுங்கையோடு நின்றார். நீதிமன்றத்துக்காக எடுக்கப்பட்ட சொத்துப் பட்டியலில் இரண்டு குதிரைகள், கன்றுகளோடு பசுக்கள், மூன்று களைக்கொத்துகள், சணல் நூற்கும் ராட்டை, ஒரு டஜன் ஈயக்கலவைத் தட்டுகள், துப்பாக்கிகள், இறகு மெத்தைகள் எல்லாம் விலையோடு இருக்கின்றன. அடுப்படி வரை நம்மை அழைத்துச் செல்லும் இப்பட்டியல் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்வதில்லை.

இந்த இடைவெளியைப் பொது ஆவணங்கள் நிரப்புகின்றன. வர்ஜீனியாவில் 1782 முதல் ஆண்டுதோறும் எழுதப்பட்ட வரிப்பட்டியல்களைத் தொடர்ந்து புரட்டினால், ஒரு வீட்டில் வரிக்கு உரிய ஆண்களின் எண்ணிக்கை கூடும் ஆண்டில் ஒரு மகனுக்குப் பதினாறு வயது ஆகியிருக்கலாம் என்று ஊகிக்கலாம். சில ஆண்டுகளில் அவன் தன் பெயரிலேயே வரி கட்டத் தொடங்குவான். பிறப்புப் பதிவு 1853இல்தான் வந்த மாநிலத்தில் இது சாதாரணச் செய்தியன்று. நிலப் பத்திரங்களின் எல்லை விவரத்தில் வரும் அண்டை வீட்டார் பலர் சம்பந்திகளாகவே இருப்பார்கள். நிலத்தை விற்கும்போது கணவனுக்குப் பின் தனக்குச் சேரவேண்டிய வாழ்நாள் பங்கை மனைவி விட்டுக்கொடுக்க வேண்டியிருந்ததால், வேறெங்கும் வராத அவள் பெயரும் அங்கே அகப்படும். பொறுமை வேண்டும் என்பதுதான் குறை. ஒரு தனிப் பத்திரம் தன்னளவில் ஏறக்குறைய ஒன்றும் சொல்லாது.

தீயும் ஒரு காரணி. ஜான் லிங்கன் குடியேறிய, வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுண்ட்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) பதிவேடுகள் 1864இல் உள்நாட்டுப் போரின்போது தீயில் பெரிதும் சிதைந்தன. எனினும் அவர் 1768இல் நிலம் வாங்கியபோது அப்பகுதி ஆகஸ்டா கவுண்ட்டியில் இருந்தது. அதன் புத்தகங்கள் ஸ்டான்டன் நகரில் இன்றும் உள்ளன. கவுண்ட்டி எல்லை எந்த ஆண்டில் மாறியது என்று பார்க்காமல் ஆவணம் எரிந்துவிட்டது என்று கைவிடுவது அவசரம்.

என் பரிந்துரை இது: வரிப்பட்டியலையும் பத்திரத்தையும் முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, உறவை உறுதிசெய்ய மட்டும் உயிலை நாடலாம். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அப்பண்ணைகளில் அடிமைகளாக இருந்தோரின் வழிவந்தவர்கள் பண்ணையாரின் உயிலிலும் சொத்துப் பட்டியலிலும்தான் தொடங்க வேண்டும். 1850, 1860 ஆண்டுகளின் அடிமைகள் கணக்கு அவர்களை, மிகச் சில இடங்கள் தவிர, வயது, பால், நிறம் என்று மட்டுமே எழுதிற்று. குதிரைக்கும் மெத்தைக்கும் நடுவே விலையிட்டு எழுதிய பட்டியலிலோ தாயின் பெயரும் பிள்ளையின் பெயரும் அடுத்தடுத்து நிற்பதுண்டு.