ஆமைத் தொட்டிக்கு எந்தத் தண்ணீர்?

சிங்கப்பூரில் வீட்டில் வளர்க்க அனுமதிக்கப்பட்ட ஊர்வன மிகச் சில. அவற்றுள் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் அதிகம் காணப்படுவது சிவப்புக் காது ஆமை. அது தண்ணீரில்தான் இரையை விழுங்கும், அதையே குடிக்கும், அதிலேயே கழிவையும் விடும். ஆகவே தொட்டியில் எந்தத் தண்ணீரை ஊற்றுகிறோம் என்பது, என்ன தீனி போடுகிறோம் என்பதற்குச் சற்றும் குறைந்த கேள்வி அன்று.

குழாய்த் தண்ணீரை நேரே பிடித்து ஊற்றுவதே பெரும்பாலானோர் வழக்கம். பொதுப் பயனீட்டுக் கழகம் தரும் தண்ணீர் நாம் குடிக்கத் தக்கது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது குழாய்களில் கெடாமல் வந்து சேர்வதற்காக, குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் என்னும் கிருமிநாசினி சேர்க்கப்பட்டிருக்கிறது. மீனைப் போலச் செவுளால் அல்லாமல் ஆமை நுரையீரலால் மூச்சு விடுவதால் அதற்கு உடனே ஒன்றும் நேர்வதில்லை. இதை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறோம். உண்மையில் அடி விழுவது வடிகட்டியின் பஞ்சில் வாழும் நல்ல நுண்ணுயிர்களுக்கு. ஆமையின் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுபவை அவையே.

ஒரு முறை நான் தொட்டித் தண்ணீர் முழுவதையும் மாற்றியதோடு பஞ்சையும் குழாயடியில் பிழிந்து கழுவி வைத்தேன். நான்காம் நாள் தண்ணீர் அரிசி களைந்த நீர்போல் கலங்கியது. ஆமையின் இமைகள் வீங்கி, இரை மூக்கருகே மிதந்தும் அது கண் திறக்கவில்லை. அன்று முதல் இந்த விஷயத்தில் நான் அசட்டையாக இருந்ததே இல்லை.

வாளியில் பிடித்து ஓர் இரவு வைத்தால் போதும் என்பது, மீன் வளர்த்த பெரியவர்களிடமிருந்து நமக்கு வந்த பழக்கம். வெறும் குளோரின் சேர்த்த தண்ணீருக்கு அது பொருந்தும். குளோரமினோ அவ்வளவு எளிதில் காற்றில் கலந்து போவதில்லை என்பதால் இங்கே அதை நம்ப முடியாது. காய்ச்சி ஆற வைப்பதும் தொட்டியளவு தண்ணீருக்கு ஒத்துவராத வேலை.

கடையில் வாங்கும் போத்தல் தண்ணீர்தான் சுத்தமானது என்று எண்ணுவோர் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆவியாக்கி வடித்த வாலை நீரில் குளோரமின் இல்லை, தாது உப்பும் இல்லை. அமிலம் சேரும்போது அதைத் தாங்கி நிற்கும் உப்புகள் இல்லாததால் அதன் அமில-கார அளவு விரைவில் ஏறி இறங்கும், ஆகவே தொட்டி முழுக்க அதையே நிரப்புவதை நான் ஏற்கமாட்டேன். தாதுநீரால் கெடுதல் இல்லை. ஆயினும் அறுபது லிட்டர் தொட்டியில் வாரம் பாதியை மாற்றினால் ஒன்றரை லிட்டர் போத்தல் இருபது வேண்டும்.

மழைநீரைக் கூரையின் தூசியும் பறவை எச்சமும் சேர்ந்து வருவதால் தவிர்க்கலாம்; திறந்த வாளியில் சேமித்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குளத்து நீரோ கால்வாய் நீரோ ஒட்டுண்ணிகளைக் கொண்டுவரும். அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

என் தேர்வு, நீர்ச் சீராக்கி கலந்த குழாய்த் தண்ணீர். மீன் கடைகளில் கிடைக்கும் இந்தத் திரவத்தை வாங்கும்போது, குளோரமினை நீக்கும் என்பதோடு அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் என்று உறையில் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம், ஏனெனில் சோடியம் தயோசல்பேட் மட்டும் உள்ள வகை குளோரமினை உடைக்கும்போது அதிலிருந்து பிரியும் அம்மோனியா தண்ணீரிலேயே தங்கிவிடும். உறையில் சொன்ன அளவைத் தொட்டியில் அல்லாமல் வாளியிலேயே கலந்து, தொட்டித் தண்ணீரின் வெப்பம் வரும்வரை வைத்திருந்து, ஒரு தடவைக்குக் கால் பங்கிலிருந்து பாதி வரை மட்டும் மாற்ற வேண்டும். பஞ்சை அலசக் குழாயைத் திறக்க வேண்டாம். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு முறை முக்கி எடுத்தால் அழுக்கு போய்விடும், நுண்ணுயிர்கள் தங்கும். அந்தப் பழைய தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாமல் கழிவறையில் ஊற்றிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஆமையின் உடலில் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும்.